ஒன்பது லிட்டர்

கருங்கலில் ஒரு கல்யாணம்.
காலையில் கோயிலில் தாலி,
ஆறரைக்கு மண்டபத்தில் வரவேற்பு.
அதற்குள் காலையை நாலு நிமிடமாக்கி
மாலையில் திரையில் காட்டித் தர வேண்டும் நான்.

சமையல்கட்டை ஒட்டிய அறை எனக்கு.
மாமியார் நெற்றியில் சிலுவை போடும் இடத்தில்
தொண்ணூற்றொரு சதவீதத்தில்
லேப்டாப் மூச்சடைத்து அணைந்தது.
வெள்ளைத் திரையைப் பார்த்தபடியே
எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள்.
மீதிப் பணம் இன்னும் வரவில்லை.

அன்றிரவு அளக்கத் தொடங்கியவள்தான்.

வடசேரிக் கடையில் கிளாட்வின் அண்ணன் சொன்னார்:
"நல்ல லேப்டாப்பா ஒண்ணு வாங்கிட்டுப் போவியா பிள்ளே,
சவத்த இப்பிடி அளந்துகிட்டு நிக்கா."
நான் தையல் டேப்பை
அவர் கண்ணாடி அலமாரிமேல் விரித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது லிட்டர்.
அரைக் குடம் தண்ணீர் அளவு இடத்தில்
ஒரு கல்யாணக் கூட்டத்தையே ஏற்ற வேண்டும்.
மதர்போர்டு சாணுக்கும் குறைவு,
அதில் ரேமுக்கு இரண்டே இருக்கை.
பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சின்னதாகப் போட்டால்
பிறகு என்பது கிடையாது.
முப்பத்திரண்டும் முப்பத்திரண்டும் என்று எழுதினேன்,
கழுத்து குட்டையானதாக.
நெட்டையை வைத்தால் கூலரின் தலையில் முட்டும்.

கூலருக்கு நாற்பத்தேழு மில்லிமீட்டர்.
என் சுண்டுவிரல்கூட நிமிர்ந்து நிற்க முடியாத உயரம்.
ஆரல்வாய்மொழியில்
காற்று வந்து இறக்கையைச் சுற்றுகிறது.
இங்கே இறக்கை சுற்றித்தான்
காற்றைக் கூப்பிட வேண்டும்,
அதுவும் மண்டபத்துக் காற்றை,
கறி மசாலாவும் ஜெனரேட்டர் புகையும் கலந்ததை.

மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும்
முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கும் இந்தப் பெட்டியில்.
நடுவில் ஒரு ரைசர் கேபிள், பேச்சு போய்வர.
ஊடல் என்று சிரித்தான் கேமரா ஜெனிஷ்.
எத்தனை வீட்டில் அந்தக் கேபிளும் இல்லை என்று
நான் சொல்லவில்லை.
நான் வெட்டி ஒட்டிய ஆல்பங்களில்
மூன்று இப்போது வக்கீல் மேசையில் இருக்கின்றன.

வாங்குமுன் அட்டையில் ஒரு பெட்டி செய்தேன்.
அதே நீளம், அதே அகலம்.
எடைக்கு நாலரைக் கிலோ மட்டை அரிசி.
ஒரு வாரம் மார்த்தாண்டத்துக்கும் குளச்சலுக்கும்
அதைத் தோளில் போட்டு அலைந்தேன்.
திங்கள்: மடியில் கொள்கிறது.
செவ்வாய்: கண்டக்டர் லக்கேஜ் கேட்டார்,
உள்ளே என்ன என்றார்,
கம்ப்யூட்டர் என்றேன், திறந்து காட்டச் சொன்னார்,
பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் முன்னால் போனார்.
வியாழன், திங்கள்சந்தையில் ஏறிய குழந்தை
அதன்மேல் தலைசாய்த்துத் தூங்கிற்று.
இடது மூலை ஒரு விரற்கடை அமுங்கியது.
அலுமினியம்தான் என்று முடிவானது அப்படி.

பவர் சப்ளை வந்துவிட்டது,
உள்ளங்கையில் அடங்காத செங்கல்.
எஸ்எஸ்டி வந்தது, சூயிங்கம் துண்டு போல.
பெட்டியும் வந்தது.
கார்டு மட்டும் இல்லை.

எனக்குப் பிடித்த கார்டு
முந்நூற்று நாலு மில்லிமீட்டர்.
பெட்டிக்குள் முந்நூற்றிரண்டு.
பத்து ரூபாய் நாணயத்தைவிட ஒரு பொட்டு அதிகம்.
அரம் போட்டுத் தேய்க்கட்டுமா என்றான் ஜெனிஷ்.
அவன் கையிலிருந்து அரத்தை வாங்கி
மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.
குட்டைக் கார்டு ஒன்று உண்டு,
எட்டாயிரம் கூடுதல்.

அடுத்த கல்யாணம் பதினேழாம் தேதி, இரணியலில்.
அட்வான்ஸ் வாங்கியாயிற்று.
அதுவரை அட்டைப் பெட்டி அடுக்களையில் இருக்கிறது.
ராத்திரி ஒரு டம்ளர் அரிசி எடுத்து உலையில் போடுகிறேன்.
இன்றைக்குத் தூக்கிப் பார்த்தேன்,
மூன்று கிலோ இருக்கும்.
இந்த எடையில் ஒன்று கிடைத்தால்
எவ்வளவு நன்றாக இருக்கும்.